மழலைப் பள்ளியில் ஓராண்டு

“பிள்ளை பார்ப்பதற்கும் ஒரு படிப்பா? அதற்கு ஓராண்டுப் பயிற்சி வேறா?” மழலைப் பள்ளியொன்றில் பயிற்சி ஆசிரியைகளாக நாங்கள் சேர்ந்தபோது எங்கள் இல்லங்களில் எழுந்த முதற் கேள்வி இதுதான். நாங்கள் மூவர், மூவரும் மும்பைத் தமிழ்க் குடும்பத்தினர். ஒருவர் தாராவியிற் பிறந்து வளர்ந்தவர். ஒருவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகிச் சயானுக்கு வந்தவர். மற்றொருவர் செம்பூரில் தம் பிள்ளைகள் இருவரையும் வளர்த்து ஆளாக்கிய பின்னர் வெளியே வந்தவர். “ஆயா வேலைக்கா போகிறாய்?” என்றார் ஒரு மாமியார். “எட்டுப் பிள்ளை பெற்ற எங்களுக்கு யார் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்?” என்றார் ஒரு பாட்டியார்.

இக்கேள்விகளில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் முன்னோர் குழந்தையை அறியாதவர் அல்லர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 5ஆம் திங்களில் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, 9ஆம் திங்களில் கை கொட்டும் சப்பாணி, 13ஆம் திங்களில் தளர்நடையிட்டு வரும் வருகை என்று அவர்கள் வகுத்த பருவங்களை இன்றைய குழந்தை மருத்துவரும் பெரிதும் மறுக்கமாட்டார். ஆயினும் இல்லம் வேறு, பள்ளி வேறு. தன் வயிற்றுப் பிள்ளையை அறிவதற்கு அன்பு போதும். பிறர் பெற்ற பிள்ளைகள் 20 பேரை, அவரவர் மொழியோடும் அழுகையோடும் ஒரே நேரத்தில் அறிவதற்கு அன்போடு பயிற்சியும் வேண்டும்.

2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில், மழையோடு மழையாக எங்கள் பயிற்சி தொடங்கியது. எங்களுக்கு வழிகாட்டியவர் மராத்திய அம்மையார். இத்தொழிலில் நெடுங்காலம் பழகியவர். குழந்தைகள் அவரையும் எங்களையும் ‘தாயி’ என்று அழைத்தார்கள். மராத்தியில் அதற்குத் தமக்கை என்று பொருள். எங்கள் காதிலோ அது தாய் என்றே விழுந்தது. இரண்டில் எதுவாயினும் பொறுப்புப் பெரிதுதான்.

முதல் இரண்டு வாரங்கள் எங்களுக்குப் பாடம் நடத்தும் வேலை தரப்படவில்லை. குழந்தைகள் வருவதற்கு அரைமணி முன்னதாகவே சென்று அறையைச் சித்தம் செய்வது எங்கள் கடமை. பாய் விரிக்க வேண்டும். தரையில் ஊசி, ஆணி, பொத்தான் ஏதேனும் கிடக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் விளையாட்டுப் பொருள்களை அடுக்க வேண்டும். வெளியே அழைத்துச் செல்லும்போது ஒருமுறை, உள்ளே வரும்போது ஒருமுறை தலை எண்ண வேண்டும். மூக்கைத் துடைப்பதும், ஈரச் சட்டையை மாற்றுவதும், சோப்பிட்டுக் கை கழுவக் கற்பிப்பதும் இத்தொழிலின் அரிச்சுவடி என்று அம்மையார் கூறினார்.

வாயிலில் நின்று அழும் குழந்தையைப் பற்றியும் அவரிடமே கற்றோம். தாய்மார் பலர், பிள்ளை பொம்மையைப் பார்த்திருக்கும் சமயம் நோக்கிச் சொல்லாமல் நழுவிவிடுவர். பிள்ளை திரும்பிப் பார்க்கும், தாய் இராள். மறுநாள் முதல் அது தாயின் முந்தானையை விடவே விடாது. “அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் வரச் சொல்லுங்கள்” என்பது அம்மையாரின் விதி. சொன்னபடி தாய் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கையே குழந்தை பள்ளியில் கற்கும் முதற் பாடம்.

அடுத்துக் குறிப்பேடு. நாள்தோறும் ஒரு குழந்தையைப் பத்து நிமிடம் தொலைவிலிருந்து நோக்கி, கண்டதை எழுத வேண்டும், கருதியதை எழுதலாகாது. ‘பிடிவாதக்காரன்’ என்று எழுதினால் அம்மையார் அடித்துவிடுவார். ‘மரக்கட்டையை மூன்று முறை கேட்டான், கிடைக்கவில்லை, நான்காம் முறை பிடுங்கினான்’ என்று எழுதினால் ஏற்றுக்கொள்வார். பிடிவாதம் என்ற பட்டம் கதவை மூடிவிடுகிறது. மூன்று முறை கேட்டான் என்ற செய்தியோ அவனுக்கு என்ன செய்யலாம் என்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பயிற்சியின் சாரம் முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருப்பதாக இன்றும் நாங்கள் கருதுகிறோம்.

பெற்றோர் பலரும் கேட்பது ஒன்றே: “எப்போது எழுதக் கற்றுக் கொடுப்பீர்கள்?” மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முற்றி முழுமை பெறவில்லை. எழுதுகோலை இறுகப் பற்றும் வலிமை அவ்விரல்களுக்கு வந்திராது. ஆகவே களிமண் பிசைதல், மணி கோத்தல், பட்டாணி உரித்தல், குவளையிலிருந்து குவளைக்குச் சிந்தாமல் நீர் ஊற்றுதல் ஆகியவையே அப்பருவத்தின் எழுத்துப் பயிற்சி. அதன்பின் வருவது உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து. குழந்தை அதை விரலால் தடவி, ஒலியைச் சொல்லிப் பழகும். இம்முறையை வகுத்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோமாபுரியின் ஏழை மக்கள் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர். 1939இல் அவர் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். உலகப் போர் மூண்டமையால் ஆண்டுகள் பல இந்தியாவிலேயே தங்கினார். உப்புத்தாள் எழுத்தைத் தடவியபோது நம் திண்ணைப் பள்ளிக்கூடம் எங்கள் நினைவுக்கு வந்தது. மணலில் விரல் தேய எழுதி அகரம் பயின்றவர் நம் பாட்டனார். விரல் அறிந்ததை நெஞ்சு மறவாது என்னும் உண்மை இரு நாட்டாருக்கும் தெரிந்திருக்கிறது.

இனி எங்கள் மனத்தைப் பெரிதும் வருத்திய செய்திக்கு வருகிறோம். ஜூலைத் திங்களில் நான்கு வயது நிரம்பாத தமிழ்ச் சிறுமி ஒருத்தி சேர்ந்தாள். தந்தைக்குத் தோல் தொழிற்கூடத்தில் வேலை. முன்னர் அவளைச் சேர்த்திருந்த வேறொரு பள்ளியில், “பேச்சு வராத பிள்ளை; மந்த புத்தி” என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டனராம். இங்கும் ஐந்து வாரங்கள் அவள் வாய் திறக்கவில்லை. தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். இங்கும் ஒட்டாவிடில் ஊருக்கு அனுப்பிப் பாட்டியிடம் விட்டுவிடுவது என்று பெற்றோர் பேசத் தொடங்கிவிட்டனர். நான்கு வயதுக்குள் ஒரு பிள்ளை தாய் தந்தையைப் பிரிய நேரும் நிலை அது.

அம்மையார் முதலிற் செய்தது காதுப் பரிசோதனைக்கு அனுப்பியது. செவியில் குறை இல்லை என்று மருத்துவர் தெரிவித்தார். எங்கள் குறிப்பேட்டிலோ வேறு செய்திகள் இருந்தன. ‘பாடலின்போது கால் விரலால் தாளம் போட்டாள்.’ ‘புளியங்கொட்டைகளை ஐந்தைந்தாகக் கூட்டி வைத்தாள், ஒன்று குறைந்தபோது தேடி எடுத்தாள்.’ மந்த புத்தி செய்யும் காரியமா இது? அப்பள்ளியில் குழந்தைகளோடு மராத்தியும் இந்தியுமே பேசுவது வழக்கம். இரண்டையும் அச்சிறுமி தன் வீட்டில் கேட்டதில்லை. நாங்கள் குறிப்பேட்டை அம்மையார் முன் வைத்து, நாள்தோறும் சிறிது நேரம் அவளோடு தமிழில் பேச இசைவு வேண்டினோம். பிற குழந்தைகளின் பெற்றோர் என்ன சொல்வார்களோ என்று அவர் சற்றுத் தயங்கினார். பின்னர், “குழந்தை உள்ளே வர எந்தக் கதவு திறக்கிறதோ அதைத் திறவுங்கள்” என்றார்.

முதல் நாள் அவளருகே தரையில் அமர்ந்து, புளியங்கொட்டையை எண்ணிக்கொண்டே, “உங்க ஆச்சி வீட்டுல பல்லாங்குழி இருக்கா?” என்று கேட்டோம். விடை இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. நான்காம் நாள், “ஆச்சி சோழி வச்சி ஆடும்” என்றாள். ஐந்து வாரத்து மௌனம் அந்த நான்கு சொல்லில் உடைந்தது. அருகிலிருந்த மராத்தியச் சிறுவன், “இவள் பேசுகிறாள்!” என்று தன் மொழியிற் கூவிக்கொண்டு ஓடினான். தீபாவளி விடுமுறைக்குள் அவளே, அவலுப்புமா பரிமாறும்போது தட்டை நீட்டி, “மலா பண்” என்று மராத்தியில் கேட்கலானாள். “எனக்கும்” என்பது அதன் பொருள். ஊருக்கு அனுப்பும் பேச்சு அத்தோடு நின்றது.

புது மொழிச் சூழலில் விடப்பட்ட குழந்தை சில வாரங்கள், சில திங்கள்கள்கூடப் பேசாதிருத்தல் இயல்பு என்று எங்கள் பாடநூல் கூறிற்று. அக்காலத்தில் அது உள்ளே கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. வீட்டுமொழி வேர் ஊன்றியிருந்தால் பிற மொழி அதன்மேல் தழைக்கும். இரண்டு மொழி கேட்பதால் பிள்ளை குழம்புவதில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், இயலும் இடங்களிலெல்லாம் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுமொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கிறது. இம்மராட்டிய மண்ணுக்கு இது புதிய செய்தியும் அன்று. 1945இல் தாராபாய் மோடக் அம்மையார் போர்டி என்னும் கடற்கரைச் சிற்றூரில் குழந்தைப் பள்ளி நடத்தியபோது, பள்ளியை நாடி வர இயலாத ஏழைப் பிள்ளைகளின் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டு சென்றார். ‘அங்கன்’ என்றால் முற்றம். அதிலிருந்து எழுந்ததே அங்கன்வாடி. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தால் அப்பெயர் நாடெங்கும் பரவிற்று. பிள்ளையின் முற்றத்துக்குப் பள்ளி செல்லலாம் எனில், பிள்ளையின் மொழிக்குள்ளும் பள்ளி செல்லலாமன்றோ?

பயிற்சிக் காலத்து உதவித்தொகை ரயில் பாஸுக்கும் நண்பகல் உணவுக்கும் சரியாயிற்று. அதைக் காட்டி, எங்களுள் ஒருவரைப் பாதியில் நின்றுவிடும்படி வீட்டார் வற்புறுத்தினர். அவர் மறுத்துப் பேசவில்லை. மாலைதோறும் தம் குறிப்பேட்டை மாமியாருக்குப் படித்துக் காட்டினார். சன்னலோரச் சிறுமியின் கதை நாளொரு பகுதியாக அவ்வீட்டில் நடந்தது. கார்த்திகை மாதத்தில் ஒருநாள், புளி ஆய்ந்து எடுத்த கொட்டைகளைக் கழுவி உலர்த்தி, துணிப்பை ஒன்றில் முடிந்து மாமியார் நீட்டினார். “உன் பள்ளிக்கூடத்துக்கு ஆகுமே” என்றார். சிறு கொட்டைகளை விழுங்கிவிடும் வயதினருக்கு எட்டாத அலமாரியில் அப்பை இன்றும் இருக்கிறது. பெரிய பிள்ளைகள் எண்ணப் பழகுவது அதைக் கொண்டுதான்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் சிறு பிள்ளைகளை உடைய தாய்மாருக்குச் சில சொற்கள். அண்டை வீட்டார் கேட்கிறார்களே என்று அஞ்சி, அரைகுறை ஆங்கிலத்தில் பிள்ளையைக் கொஞ்சாதீர்கள். உங்களுக்கு நிறைந்து வரும் மொழியில் நிலவையும் காக்கையையும் காட்டுங்கள். சோறு பிசையவும் பயறு பொறுக்கவும் அதற்கு இடம் கொடுங்கள், சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். பேசாத பிள்ளைக்குப் பட்டம் சூட்டும் முன் காதைச் சோதியுங்கள்; பின்னர்ப் பொறுத்திருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது, “எங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறோம், தண்ணீருக்கும் பசிக்கும் இவள் இன்ன சொல் சொல்வாள்” என்று ஆசிரியையிடம் எழுதிக் கொடுங்கள். அச்சிறு சீட்டு ஒரு பிள்ளையின் ஐந்து வார மௌனத்தைத் தவிர்க்கக்கூடும்.

இளம் பெண்கள் இப்பணிக்கு வர விரும்பினால் வீட்டார் தடுக்க வேண்டாம். இம்மாநகரில் நம் பிள்ளைகள் பலருண்டு. தரையில் அவர்களருகே உட்கார்ந்து, அவர்கள் சொல்லுக்காகக் காத்திருப்பவர் இன்னும் சிலர் வேண்டும்.