மூன்றாவது வாரத்துக் கறை

சினைப்பையில் வரும் சாக்லேட் கட்டியை லேப்ராஸ்கோப்பில் எடுத்து, டையனோஜெஸ்ட் என்ற புரோஜெஸ்டின் மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிய பெண்களில் பலர் மூன்றாவது வாரம் திரும்பி வருவார்கள். "ஆபரேஷன் பண்ணியும் நிக்கலையே மேடம், தினமும் கறை படுது" என்பார்கள். அந்த வாரத்தைத் தாண்ட வைப்பதுதான் இந்த வைத்தியத்தில் பாதி வேலை. சமீபத்தில் ஒரு மருத்துவர் கூட்டத்தில் ஆபரேஷன் வீடியோக்களை மணிக்கணக்கில் ஓட்டினார்கள். அதற்கப்புறம் வரும் ரத்தப்போக்கைப் பற்றிப் பேச நான் எழுந்தேன். "அது கவுன்சலிங்தானே மேடம், நர்ஸ் பார்த்துப்பாங்க" என்று மேடையிலிருந்த ஓர் இளைஞர் முடித்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. பெங்களூரு காக்ஸ் டவுனில் இருக்கும் என் கிளினிக்கை இந்த வருஷத்தோடு இன்னொருவர் கையில் ஒப்படைக்கிறேன். அதற்குள் இதை எழுதி வைத்துவிட வேண்டும்.

ஏன் கறை படுகிறது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. புரோஜெஸ்டின் மட்டும் தினமும் உள்ளே போனால் கருப்பையின் உள்சவ்வான எண்டோமெட்ரியம் மெலிந்துகொண்டே வரும். அதிலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்களுக்குப் பிடிமானம் குறைந்து, அங்கங்கே கசியும். 1950-களிலேயே, கருத்தடை மாத்திரையை உருவாக்கிய பின்கஸ் குழுவினர் இதைப் பார்த்துவிட்டார்கள். அவர்கள் சோதித்த மாத்திரையில் மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரோஜன் தெரியாமல் கலந்திருந்தது. கலப்படம் என்று அதை நீக்கியதும் இடையில் ரத்தப்போக்கு கூடியது. ஆகவே தெரிந்தே திரும்பச் சேர்த்தார்கள். டையனோஜெஸ்ட்டில் அந்த ஈஸ்ட்ரோஜன் துணை இல்லை. இந்தக் கட்டியை உண்டாக்கும் எண்டோமெட்ரியோசிஸுக்கு டையனோஜெஸ்ட்டைக் கொடுப்பதே அதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை என்பதற்காகத்தான். ஆரம்பகால ஆய்வுகளில் முதல் 90 நாளில் நூற்றுக்கு 38 பேருக்கு நாள்கணக்கில் நீண்ட ரத்தப்போக்கு இருந்தது. நான்காவது 90 நாளில் அது 4 பேராகக் குறைந்தது. இதே நோய்க்குப் போடும் லூப்ரோலைடு ஊசியென்றால் கதை வேறு: முதல் ஊசியில் ஈஸ்ட்ரோஜன் ஒருமுறை ஏறி இறங்கும், அந்த இறக்கத்தில் ஒரு மென்சஸ் மாதிரியே வந்துவிட்டுப் போகும்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது, எவ்வளவு படுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. என் வாழ்நாள் முழுக்க நான் மல்லுக்கட்டிய விஷயம் அது ஒன்றுதான்.

சென்னை எழும்பூர் ஆஸ்பத்திரியில், 1844-இல் தொடங்கிய அந்தப் பழைய பிரசவ ஆஸ்பத்திரியில், எங்களுக்கு ஒரு சீஃப் இருந்தார். வார்டு ரவுண்ட்ஸில் "பிளீடிங் மாடரேட்" என்று யாராவது வாசித்தால் கேஸ் ஷீட்டை மூடிவிடுவார். "யாருக்கு மாடரேட்? உனக்கா, அவளுக்கா?" ஒருநாள் மதியம் எங்களை டியூட்டி ரூமில் உட்கார வைத்து, மேஜையில் செய்தித்தாளை விரித்து, வரிசையாகப் பேடுகளை வைத்தார். சிவப்புச் சாயம் கலந்த நீரை சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொன்றிலும் விட்டார்: 1 மில்லி, 5 மில்லி, 20 மில்லி. பிறகு வரிசையைக் கலைத்துவிட்டு, எது எவ்வளவு என்று எங்களைச் சொல்லச் சொன்னார். ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. 1 மில்லியை 5 என்றோம், 20-ஐ 50 என்றோம். அடுத்து அதே சோதனையைப் பழைய பருத்திப் புடவைத் துணியில் வைத்தார். அதில் கறை பரவும் விதமே வேறு. "பேடு வாங்கக் காசில்லாதவ துணியத்தான் காட்டுவா. அவகிட்ட பேடு கணக்கு கேப்பியா?" என்றார். லேசான கறைக்கு 1, நடுத்தரத்துக்கு 5, முழுக்க நனைந்ததுக்கு 20 என்று பேடுக்குப் புள்ளி போடும் படம் 1990-இல் ஹைஆம் குழுவினர் வெளியிட்டு உலகத்துக்கு வந்தது. எங்கள் சீஃப் அதற்கு முன்பே அதை எங்கள் கண்ணில் ஏற்றிவிட்டார்.

காக்ஸ் டவுனுக்கு வந்த பிறகு நான் சேர்த்துக்கொண்டது மாதக் காலண்டர். ஜீவனஹள்ளியிலிருந்து வருபவர் வீட்டிலும் வீலர் ரோட்டு அபார்ட்மென்டிலும் அது தொங்கும். கறை மட்டுமென்றால் ஒரு புள்ளி, பேடு மாற்ற வேண்டியிருந்தால் ஒரு கோடு, மாத்திரை விட்டுப்போன நாளுக்கு ஒரு வட்டம். மூன்று மாதத் தாள்களையும் கிழித்தெறியாமல் கொண்டுவரச் சொல்வேன். அவற்றை மேஜையில் பரப்பினால், வட்டத்துக்கு இரண்டு நாள் கழித்துக் கோடு நிற்பது அந்தப் பெண்ணின் கண்ணுக்கே தெரியும். நைட் ஷிப்ட் போகிறவர்களுக்கு மாத்திரை நேரம் எப்படித் தவறுகிறது என்பதும் அதில் தெரியும்.

ஒரு பெண்ணின் காலண்டரில் வட்டமே இல்லை, ஐந்தாம் மாதத்திலிருந்து கோடு மேல் கோடு. வெளியே இரண்டு இடத்தில் ஸ்கேன் எடுத்திருந்தார்கள், இரண்டும் நார்மல். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்க ஆளில்லை. கழுத்தில் நெறிகட்டி, டிபி என்று ரிஃபாம்பிசின் ஆரம்பித்திருந்தார்கள். அது ஈரலை முடுக்கி ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். வலிப்பு மாத்திரைகளில் சிலவும் அப்படித்தான். ஒரு கேள்வியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

இன்றைய இளம் டாக்டர்கள் ஸ்கேனை முதலில் எழுதுகிறார்கள், பெண்ணை அப்புறம் பார்க்கிறார்கள். கருப்பை வாயில் பாலிப் இருக்கிறதா என்று ஸ்பெகுலம் வைத்துப் பார்ப்பதுகூட அபூர்வமாகிவிட்டது. டையனோஜெஸ்ட் கருத்தடை மாத்திரை இல்லை என்பதை மறந்து, யூரின் டெஸ்ட் செய்யாமலே அனுப்புகிறார்கள். ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும் நேரத்தில் பெண்கள் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் மென்சஸ் "தள்ளிப்போடுற மாத்திரை" வாங்கி டையனோஜெஸ்ட்டின் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள். நிறுத்தியதும் கொட்டுகிறது. யாரும் கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை.

நாளொன்றுக்கு 2 மில்லி கறை உடம்புக்குப் பெரிதில்லை, வீட்டுக்குப் பெரிது. நாற்பது நாள் பூஜை அறைக்குப் போகாதே, அடுப்பைத் தொடாதே என்றால் எந்தப் பெண் மாத்திரையைத் தொடர்வாள்? பல வீடுகளில் நிறுத்தச் சொல்வது மாமியார். அதனால் அந்த அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பேன். "அம்மா, மாத்திரை இல்லேன்னா அஞ்சு வருஷத்துல ரெண்டுல ஒருத்திக்கு அந்தக் கட்டி திரும்ப வரும். திரும்ப ஆபரேஷன் பண்ணா முட்டையும் குறையும்" என்பேன். பேரப்பிள்ளை பற்றிய கவலை அவர்களுக்கு உண்டு. கேட்டுக்கொள்வார்கள். இதை நர்ஸிடம் தள்ளிவிட முடியாது. கத்தி பிடித்தவர் வாயால் சொன்னால்தான் அந்த வீட்டில் எடுபடும்.

இந்த நாற்காலியில் அடுத்து உட்காரப் போகிறவருக்கு ஒரு வேண்டுகோள். மாத்திரை எழுதும் அன்றைக்கே மூன்று மாதம் கறை படலாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தால், தலை சுற்றினால், காய்ச்சலோ துர்நாற்றமோ வந்தால் அன்றே வரச் சொல்லுங்கள். ஸ்கேன் சீட்டு எழுதும் முன் காலண்டரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதற்குப் பத்து நிமிஷம் ஆகும். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுங்கள்.