மூணே நாளில் வெற்றியா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கோவில்பதாகை வீட்டில் நானும் மாமியாரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். ஆவடியில் சினிமா பார்த்துவிட்டு வந்த மகள், செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, படம் வந்து மூணே நாள்தான். அதுக்குள்ள பிளாக்பஸ்டர்!" என்று குதித்தாள்.

"அப்படின்னா என்னடி?" என்றார் மாமியார்.

"பெரிய ஹிட், பாட்டி! தெருவையே அடைச்சு க்யூ நிக்குமே, அதான்."

என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார். "அது க்யூவால வந்த பேர் இல்லே, குண்டால வந்த பேர்!" அவருக்கு யுத்த சரித்திரம் என்றால் உயிர்.

இரண்டாம் உலக யுத்தத்தில், 1941-லிருந்து, பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் மேல் 4,000 பவுண்டு, அதாவது சுமார் 1,800 கிலோ எடையுள்ள குண்டுகளைப் போட்டனவாம். நாலு பக்கமும் தெரு சூழ்ந்த கட்டடங்களுக்கு இங்கிலீஷில் 'பிளாக்' என்று பெயர். அதை ஒரே அடியில் தகர்ப்பதால் பத்திரிகைகள் அந்தக் குண்டை 'பிளாக்பஸ்டர்' என்றன. 1943-லேயே அமெரிக்க சினிமா விளம்பரங்களில் அந்த வார்த்தை ஏறிவிட்டது. 1975-ல் சுறாமீன் படமான 'ஜாஸ்' வசூலைக் குவித்ததும் அப்படியே நிலைத்துவிட்டது.

மாமியார் முகம் சுருங்கியது. "குண்டோட பேரா? 1942-ல ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பயந்து பட்டணமே காலியாச்சுன்னு எங்கம்மா சொல்வாங்க. அதே யுத்தம் நடக்கறப்பதான், 1944 தீபாவளிக்கு பாகவதரோட 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டர்ல வந்து மூணு தீபாவளி பார்த்துச்சு. நூறு நாள் ஓடினா விழா, 25 வாரம் ஓடினா வெள்ளி விழா. ஓடினாத்தாண்டி படம்!"

அப்போதுதான் மூலையிலிருந்து என் மகன் முணுமுணுத்தான்: "அப்ப நான் பிளாப்."

எனக்குச் சுருக்கென்றது. பிளஸ் டூ காலாண்டுத் தேர்வில் கணக்கில் 31 மார்க். இரண்டு நாளாக நான் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டில் சாதத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "1978-ல வந்த 'முள்ளும் மலரும்' தெரியுமாடா? முதல் சில வாரம் தியேட்டர்ல கூட்டமே இல்லையாம். பார்த்தவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லித்தான் நூறு நாள் தாண்டிச்சு. நீயும் முதல் வாரத்துலதான் இருக்கே. அதுக்குள்ள அம்மாவே தியேட்டரை விட்டு எழுந்து போயிட்டேன். தப்பு என்னுதுதான்."

அவன் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது பின்னால் வந்து நின்றான். "அம்மா, பின்தெரு சார்கிட்ட டியூஷன் கேட்டுப் பார்க்கவா?"

அரையாண்டுத் தேர்வு இனிமேல்தான். 31 என்னவாகுமோ, தெரியாது. ஆனால் கணக்கு நோட்டு தினமும் திறக்கிறது.

சகோதரிகளே, குண்டு ஒரு நொடியில் வெடித்து ஓய்ந்துவிடும். பிள்ளைகள் ஓட வேண்டியது எத்தனையோ வாரங்கள். முதல் மூன்று நாள் வசூலைப் பார்த்து நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாமே!