அசலும் நகலும்

அசல், நகல் என்னும் இரண்டும் அரபு மொழியிலிருந்து வந்து தமிழில் நிலைத்துவிட்ட சொற்கள். ‘அஸ்ல்’ என்றால் வேர், மூலம். ‘நக்ல்’ என்றால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லுதல், பெயர்த்தெழுதுதல். ஆதலின் நகல் என்பது பிறப்பில் இழிவான சொல் அன்று. வேரில் உள்ளதை வேறோரிடத்தில் கொண்டு சேர்க்கும் உழைப்பையே அது குறித்தது. நம் வழக்கில்தான் அது மதிப்புக் குன்றிப் ‘போலி’ என்னும் சொல்லின் பக்கத்தில் வந்து நிற்கிறது. நகலுக்கும் போலிக்கும் இடையே உள்ள எல்லையை எனக்குக் காட்டியவை நான் பயின்ற நூல்கள் மட்டும் அல்ல. கார்களுக்கு உறுப்புகள் செய்யும் என் தம்பியின் கைகளும்தாம்.

எங்கள் அத்தா லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் டிங்கர் வேலை பார்த்தவர். வீட்டின் முன்கட்டே பட்டறை. நான் தமிழ் பயின்று ஆசிரியப் பணிக்கு வந்தேன். தம்பி பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அத்தாவின் அருகில் அமர்ந்தான். 2004-ஆம் ஆண்டு சார்ஜாவின் தொழிற்பேட்டையில் ஒரு கார்ப் பட்டறைக்குச் சென்றான். பழங்காலக் கார்களைப் பார்த்து அவற்றைப் போன்றே புதிதாகக் கட்டும் வேலை அங்கே அவனுக்கு வாய்த்தது.

அவன் அதிகமாகக் கை வைத்தது ‘கோப்ரா’ என்னும் பந்தயக் காரின் நகல்களில். இங்கிலாந்தில் தேம்ஸ் டிட்டன் என்னும் ஊரிலிருந்த ஏசி நிறுவனத்தின் சிறிய காரில், கரோல் ஷெல்பி என்ற அமெரிக்கர் 1962-ஆம் ஆண்டு எட்டு உருளைகள் கொண்ட போர்டு எஞ்சினைப் பொருத்தச் செய்தார். அவ்வாறு பிறந்ததே கோப்ரா. 1960-களில் செய்யப்பட்ட அசல் கார்கள் ஏறத்தாழ ஆயிரம்தான். அவற்றைப் பார்த்துப் பிற்காலத்தில் கட்டப்பட்டவையோ அதைப்போலப் பன்மடங்கு. அசலின் உடல் அலுமினியத் தகட்டால் ஆனது. நகல்களில் பெரும்பாலானவற்றின் உடல் கண்ணாடி இழையால் ஆனது. அச்சின் உட்புறத்தில் இழைப்பாயை விரித்து, பிசினை ஊற்றி இறுகச் செய்து எடுப்பார்கள். ஆனால் உடல் ஆயத்தமாக வந்துவிட்டால் கார் வந்துவிடாது. பானெட்டின் மேலுள்ள காற்றுவாய், பக்கவாட்டுச் செதில்கள், கதவுக் கீல்கள், தாங்கிகள் எனச் சிறுசிறு உறுப்புகள் எத்தனையோ உள. கடையில் கிடைக்காதவற்றைக் கையால்தான் செய்ய வேண்டும். அங்கேதான் வேலைக்காரனின் தேர்வு தொடங்குகிறது.

தம்பி ஒரு காற்றுவாய் செய்த முறையை அவன் வாயாலேயே கேட்டிருக்கிறேன். முதலில் மரத்தில் அதன் வடிவத்தைச் செதுக்கிக்கொள்ள வேண்டும். அட்டையில் அளவு வெட்டிப் பார்த்த பின்னரே தகட்டில் கத்தரி படலாம். தட்டத் தட்ட அலுமினியம் விறைத்துக்கொள்ளும். மேலும் தட்டினால் கீறிவிடும். ஆகவே இடையிடையே அதைச் சூடேற்றி இளக்க வேண்டும். இங்கேதான் ஓர் இடர். இரும்பு காய்ந்தால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியமோ நிறம் மாறாமலே இருந்து, 660 பாகையை எட்டியதும் திடீரென உருகி ஒழுகிவிடும். அதற்குப் பழைய தொழிலாளர் கண்ட வழி சவர்க்காரம். தகட்டின்மேல் சவர்க்காரத்தைத் தேய்த்து, நெருப்பைக் காட்டுவார்கள். சவர்க்காரம் கருத்தவுடன் நெருப்பை விலக்கினால் தகடு இளகியிருக்கும்; உருகியிராது. வெப்பமானி இல்லாத பட்டறையில் ஒரு சவர்க்காரத் துண்டு வெப்பமானியின் வேலையைச் செய்கிறது.

இளகிய தகட்டை மணல்மூட்டையின்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் குழிய அடிக்க வேண்டும். பிறகு ‘இங்கிலீஷ் வீல்’ என்னும் கருவி. மேலே ஒரு பெரிய உருளை, கீழே சற்றே புடைத்த ஒரு சிறிய உருளை. இரண்டுக்கும் நடுவே தகட்டை முன்னும் பின்னுமாக ஓட்டினால் அடித்த தழும்புகள் அடங்கி வளைவு ஒழுங்குபடும். அடிக்கடி மரவடிவத்தின்மேல் பொருத்திப் பார்த்து, ஒளி புகும் இடைவெளியைக் கண்டு திருத்த வேண்டும். ஒரு காற்றுவாய்க்குத் தம்பி நான்கு நாள் செலவிட்டான்.

வார்ப்பு வேலையில் இன்னொரு நுட்பம். உருகிய அலுமினியம் ஆறி இறுகும்போது நூற்றுக்கு ஒன்றேகால் பங்குக்குக் குறையாமல் சுருங்கும். அசல் உறுப்பை அப்படியே மணலில் பதித்து வார்த்தால், 300 மில்லிமீட்டர் நீளமுள்ள தாங்கி ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் குறைந்து பிறக்கும். அந்த நகலையே அச்சாக வைத்து மீண்டும் வார்த்தால் மேலும் குறையும். ஆகவே முதல் அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். இதைக் கேட்டபோது எனக்கு ஏடுகளின் நினைவு வந்தது. ஓலைச்சுவடியைப் பார்த்து ஒருவர் எழுத, அதைப் பார்த்து மற்றொருவர் எழுத, படிதோறும் மூலம் சிறிது சிறிதாகத் தேய்கிறது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியது எதற்காக? சுருங்கிய நகல்களிலிருந்து அசலின் அளவை மீட்பதற்காகவே அன்றோ!

செய்து முடித்த உறுப்பை மெருகேற்றுவது தனி வேலை. அலுமினியத்தின் மேற்பரப்பில் காற்றுப் பட்டவுடன் ஒரு மெல்லிய படலம் தோன்றும். அதைப் பற்றிப்பிடிக்கும் அடிப்பூச்சு இல்லாவிட்டால் வண்ணம் உரிந்து விழும். அடிப்பூச்சின்மேல் கருவண்ணத்தை மெல்லத் தூவி, நீளக் கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்துப் பார்ப்பார்கள். மேடுகளில் கருமை அகலும், பள்ளங்களில் தங்கும். கண் காணாத குறையைக் கருமை காட்டிக்கொடுக்கும். குரோமியப் பூச்சின் இயல்போ இன்னும் கடுமையானது. அது மிக மெல்லியது; அடியிலுள்ள கீறலை மூடாது, மின்னச் செய்து காட்டும். பூசுவதற்கு முன்னரே உலோகம் கண்ணாடியாக இருந்தாக வேண்டும். “பட்டியை அப்பி மறைக்கிறவன் பாதி வேலைக்காரன்” என்று அத்தா சொல்வார்.

நகல் செய்வது சிறுமை என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. இங்கிலாந்தின் ஜாகுவார் ஆலையில் 1957-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீப்பிடித்தது. எக்ஸ்கேஎஸ்எஸ் என்னும் வகையில் ஒன்பது கார்கள் அதில் அழிந்தன. 2016-இல் அந்நிறுவனமே அவ்வொன்பதையும் மீண்டும் கட்டப்போவதாக அறிவித்தது. எஞ்சியிருந்த பழைய கார்களை அளந்து, வடிவச் சட்டம் ஒன்றைப் புதிதாகச் செய்து, அதன்மேல் மக்னீசியக் கலவைத் தகட்டைக் கையால் வளைத்தார்கள். ஒவ்வொரு காருக்கும் 2,000-க்கும் மேற்பட்ட ரிவெட்டுகள். ஏறத்தாழ 10,000 மணிநேர உழைப்பு. இவை புதியவை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. மறைக்காதவரை நகல் ஒரு மரியாதை. மறைக்கும்போது அது களவு.

அந்த எல்லையில்தான் 2013-ஆம் ஆண்டு என் தம்பி நிற்க நேர்ந்தது. அவன் உறுப்புகள் செய்த கார் ஒன்று விலைக்குப் போகவிருந்தது. அசல் காரில் உள்ளதைப் போன்ற தகடு ஒன்றைச் செய்து, 1960-களுக்குரிய எண்ணைப் பொறித்து, அமிலம் தடவிப் பழமையாக்கித் தருமாறு கேட்டார்கள். உள்ளங்கையளவுத் தகடு, அரைநாள் வேலை. அது மட்டும் ஒட்டப்பட்டுவிட்டால் காரின் விலை பன்மடங்காகும். தம்பி மறுத்துவிட்டான். அன்றிரவு தொலைபேசியில் என்னிடம் சொன்னான்: “அண்ணே, காரைப் பார்த்துக் கார் செய்யச் சொன்னாங்க, செஞ்சேன். இப்ப அதோட பொறந்த தேதியை மாத்தச் சொல்றாங்க. அது என் வேலை இல்லே.”

மூன்று மாதச் சம்பளம் கைக்கு வராமலே ஊர் திரும்பினான். தங்கையின் நிக்காஹ் இரண்டு மாதத்தில் நிச்சயமாகியிருந்தது. நான் கடன் வாங்க வேண்டியதாயிற்று. ‘ஒரு தகடுதானே, அடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாமே’ என்று உறவினர் சிலர் முகத்துக்கு நேரே கேட்டனர். அத்தா அவர்களுக்கு விடை சொல்லவில்லை. தம்பியிடம் மட்டும், “அந்த வண்டியில உன் குத்து இருக்கா?” என்று கேட்டார். தாம் செய்த ஒவ்வொரு உறுப்பின் உட்புறத்திலும் மூன்று புள்ளிகளைக் குத்தி வைப்பது அத்தாவின் வழக்கம். காற்றுவாயின் உள்மடிப்பில் அதே மூன்று புள்ளிகளையும், பக்கத்தில் ஆண்டையும் பொறித்திருப்பதாகத் தம்பி சொன்னான். அத்தா தலையசைத்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அப்பேச்சு எழவில்லை. ஏடெழுதியவர்கள் இறுதியில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து, பிழை பொறுக்குமாறு வேண்டிக்கொண்ட மரபை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் அம்மூன்று புள்ளிகள் என் கண்முன் வருகின்றன.

அத்தா 2018-இல் மறைந்தார். தம்பி இன்று அதே முன்கட்டில் பட்டறை வைத்திருக்கிறான். பழைய வண்டிகளுக்கு எங்கும் கிடைக்காத உறுப்புகளைத் தேடி வெளியூரார் வருகின்றனர். ஆனால் அவனருகே அமர்ந்து கற்க இளைஞர் ஒருவரும் வரவில்லை. படித்த பிள்ளை சுத்தியலைத் தொடுவது குறைவு என்று நம் சமுதாயத்துப் பெரியவர்களும் கருதிவிடுகிறார்கள். சவர்க்காரம் எந்த நொடியில் கருக்கும் என்பது எந்த நூலிலும் எழுதப்படவில்லை. அது ஒரு கையிலிருந்து மறு கைக்கு நகலாக வேண்டிய அறிவு. அக்கை ஓய்ந்தால் அறிவும் ஓயும்.

தமிழ்த்துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் ஒரு பட்டறை இருக்கும். ஒரு மாலைப்பொழுது அங்கே சென்று அமருங்கள். கருவிகளின் பெயர்களையும், அடிக்கும் முறைகளின் பெயர்களையும், தொழிலாளர் தமக்குள் பேசிக்கொள்ளும் சொற்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அகராதிகளில் இடம்பெறாத சொற்கள் அங்கே உயிரோடு இருக்கின்றன. கேட்டதைக் கேட்டவாறே எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் நாளையும் மறவாமல் குறியுங்கள். நல்ல நகலுக்கு அதுவே அடையாளம்.