பீன்யாவில் ஒரு வண்ணச் சேம்பு

கடைசல் பட்டறைகளின் ஓசை ஓயாத பீன்யாவில், பிழைப்பை நாடி வந்த நம் குடும்பங்கள் பலவற்றிற்கு ஓரறையும் ஒரு சாளரமுமே இல்லம். அச்சாளரத்திற்கு ஏற்ற செடி கலேடியம். தென்னமெரிக்க வெப்பக் காடுகள் அதன் தாயகம் எனினும், நம் ஊர்ச் சேம்பிற்கு அது உறவே. குங்குமம் தெளித்தாற்போன்ற புள்ளிகளும் செந்நரம்புகளும் பொலியும் அவ்விலையைக் கண்டோர் மலரை வேண்டார்.

செடிகளைக் கண்டு தெரிய விழைவோர் லால்பாக் செல்க. 2017 முதல் பீன்யாவிலிருந்து மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் வண்டி மாறாமலே போகலாம். மலர்க்காட்சி நாட்களில் மட்டும் நெரிசல் பொறுத்தற்கரியது!

கடும் வெயில் படாத வெளிச்சமும் நீர் தேங்காத மண்ணும் கலேடியத்திற்குப் போதும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்தல் இன்றியமையாதது. இலையைக் கடித்தால் வாயும் நாவும் எரிந்து வீங்கும்.

ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில் மார்கழிக் குளிர் வந்ததும் இலைகள் ஒவ்வொன்றாய்ச் சாயும். செடி மாண்டதென எண்ணி மண்ணோடு குப்பையில் கொட்டுவோர் பலர். அந்தோ, உள்ளே கிழங்கு உறங்குகின்றது! நீரை நிறுத்திக் கிழங்கை எடுத்து, நிழலில் உலர்த்தித் தாளில் சுற்றி வைத்தால், பங்குனி வெப்பத்தில் மீண்டும் முளைக்கும். அடிக்கடி வாடகை வீடு மாறும் நம்மவர்க்கு இதனினும் இசைந்த செடி யாது? தொட்டியைச் சுமக்க வேண்டுவதில்லை. நடும்போது முளைக்கண் மேல்நோக்கி இருத்தல் வேண்டும். இரண்டு விரற்கடை ஆழம் போதும்.