திருவிழாவுக்கு முன்னால கழிப்பறையைப் பத்தி ஒரு பேச்சு



ஆடித் திருவிழா உபயப் பட்டியல் ஒட்டி மூணு நாள்தான் ஆகுது. பூ அலங்காரம், பந்தல், உறுமி மேளம், அன்னதானம் எல்லாத்துக்கும் பேர் விழுந்துடுச்சு. அம்மனுக்குக் குறை வைக்காத ஊர் நம்ம பீடோர். கடைசி வரி மட்டும் காலியா இருக்கு: "பெண்கள் கழிப்பறை இரண்டு, கழிவுத் தொட்டி ஒன்று." ஒரு அண்ணன் வந்து மெதுவா கேட்டார், "அதுக்குக் குடுத்தா கல்வெட்டுல பேரை எங்கப்பா போடுவீங்க?" நியாயமான கேள்விதான். நிர்வாகத்துல கேட்டுட்டோம். மற்ற உபயதாரர்களோட சேர்த்து முன் மண்டபத்துலதான் வரும், பயப்பட வேண்டாம்.

போன வருஷம் பால்குட வரிசையில ஒரு பாட்டி சாய்ஞ்சுட்டாங்க. அருள் வந்துடுச்சுன்னு பக்கத்துல நின்னவங்க வேப்பிலை எடுத்துட்டு ஓடி வந்தாங்க. கண்ணைத் திறந்ததும் பாட்டி எங்க தொண்டர் தங்கச்சி காதுல சொன்னாங்க, காலையில நாலு மணியில இருந்து ஒரு மடக்குத் தண்ணி குடிக்கலையாம். "குடிச்சா எங்கம்மா போறது?"

அதுக்கப்புறம் தங்கச்சிங்க மத்த பெண்கள்கிட்டயும் விசாரிச்சாங்க. நிறைய பேர் அப்படித்தான். இருக்கிறது ஒரே ஒரு குந்துற தண்டாஸ், அதுவும் வழுக்கும், கதவுல கொண்டி நிக்காது. முட்டிவலிக்காரங்க உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது. மாதவிடாய் நாள் எதிர்பாராம வந்துட்டா பிள்ளைங்க பாதி திருவிழாவுல வீட்டுக்குக் கிளம்பிடுறாங்க. அம்மனுக்கு இருக்கிற விரதம் வேற. இது யாரும் நேர்ந்துக்காத விரதம்.

நம்மில் பாதிப் பேருக்கு மேல தோட்டத்து லயத்துல பிறந்தவங்க. அங்க கதை எப்படின்னு இளையவங்களுக்குத் தெரியாது. முதல்ல பால்மரக் காடுதான். பெண்கள் விடியறதுக்கு முன்னாடி கும்பலா போயிட்டு வரணும். அப்புறம் லயத்துக்குப் பின்னால வரிசையா வாளிக் கக்கூஸ் வந்தது. வெறுங்காலோட மரம் வெட்டப் போனவங்களுக்கு ஈர மண்ணுல இருந்த கொக்கிப்புழு கால் தோல் வழியா உடம்புக்குள்ள ஏறும், குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தத்தைக் குடிக்கும். 1915லிருந்து 1917 வரை அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிறுவனம் மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளுக்கு இதை ஆராயவே ஒரு மருத்துவர் குழுவை அனுப்பியது. மருந்து கொடுத்தாலும் மண்ணுல அசுத்தம் இருக்கிற வரைக்கும் புழு திரும்ப வரும். ரத்தம் இல்லாம சோர்ந்து நின்னவனைத்தான் சோம்பேறின்னு ஏசினாங்கன்னு எங்க தாத்தாமார் சொல்லுவாங்க.

பிறகு 1966லயும் 1990லயும் தொழிலாளர் வீட்டு வசதிக்குச் சட்டம் வந்தது. கம்பங்களுக்கு சுகாதார அமைச்சு தண்ணி ஊத்துற கழிப்பறை போட உதவியது. தோட்டம் தனியார் நிலம், அதனால அரசாங்கத்தோட ஊர்ப்புறத் திட்டங்கள் பெரும்பாலும் தோட்ட கேட்டுக்கு வெளியேயே நின்னுடுச்சு. ரப்பர் போய் செம்பனை வந்தது, நாம தாமானுக்கு வந்தோம், வீட்டுல டைல்ஸ் போட்ட பாத்ரூம் வந்துடுச்சு. கோயில் மட்டும் பழைய நிலைமையிலயே இருக்கு. உலகத்துல 2022 கணக்குப்படி 41 கோடியே 90 லட்சம் பேர் இன்னும் வெட்டவெளிக்குத்தான் போறாங்க. நம்ம வீட்டுக் கதை மாறிடுச்சு, ஆனா திருவிழா ராத்திரியில நம்ம பெண்கள் செம்பனைப் பக்கம் போறதை நாங்க இன்னும் பார்க்கிறோம்.

இன்னொண்ணு சொல்லணும், கொஞ்சம் கசக்கும். நாங்க ஏழு தொண்டர்கள். அதுல ஒருத்தரோட தாத்தா தோட்டத்துல வாளி எடுத்தவர். திருவிழாவுல அவர் குடும்பத்துக்குக் கடைசிப் பந்திதானாம். இப்பவும் தண்டாஸ் அடைச்சுக்கிட்டா ஏனோ அவரைத்தான் தேடி வர்றாங்க. 1901ல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுல கழிப்பறை நாறுதுன்னு காந்தி தொண்டர்கள்கிட்ட சொன்னப்போ, அது எங்க வேலை இல்லை, தோட்டி வேலைன்னு பதில் வந்ததாம். அவர் துடைப்பம் தேடி வாங்கித் தானே கழுவினார். நூற்றிருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதே பதில் நம்ம கோயில்லயும் கேட்குது. அதனால ஏழு பேருக்கும் முறை போட்டு எழுதி ஒட்டிட்டோம். உற்சவரைத் தோள்ல தூக்குறவருக்கும் அதுல முறை உண்டு.

புது அறை மட்டும் கட்டினா போதாது, தொட்டியும் வேணும். கழிவுத் தொட்டியில கனமானது அடியில தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேல மிதக்கும், நடுவுல இருக்கிற தண்ணிதான் வெளியேறணும். அப்படிப் பிரிய அதுக்கு நேரம் வேணும். நம்மது ஒரு குடும்பத்துக்குக் கட்டின தொட்டி. ஒரே நாள்ல ஐந்நூறு அறுநூறு பேர் தண்ணி ஊத்தினா அடியில இருக்கிறதும் கலங்கி வெளிய தள்ளிக்கிட்டு வரும். போன வருஷம் மடைப்பள்ளிப் பின்பக்கம் வந்த நாத்தம் அதுதான். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை உறிஞ்சி எடுக்கணும்னு இண்டா வாட்டர் சொல்லுது. நம்ம தொட்டியைக் கடைசியா எப்போ திறந்தாங்கன்னு நிர்வாகத்துல யாருக்கும் ஞாபகம் இல்லை.

கொத்தனார் கொடுத்த விலைப் பட்டியல் அலுவலகப் பலகையில இருக்கு, வந்து பாருங்க. முழுசா முடியலைன்னா ஒரு கதவு, ஒரு உட்காரும் பேசின், சுவர்ல ஒரு கைப்பிடிக் கம்பின்னு பிரிச்சும் எடுத்துக்கலாம். துடைப்பூ, பேட் எதையும் குழிக்குள்ள போடாதீங்க, மூடி போட்ட தொட்டி தனியா வைக்கிறோம். பிளீச்சை வாளி வாளியா ஊத்தாதீங்க, உள்ள கழிவை மக்க வைக்கிற கிருமி செத்துடும்.

உறிஞ்சுற லோரி வர்ற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருது. பின் கேட்டுக்கிட்ட காரை நிறுத்த வேண்டாம்.