எலுமிச்சம்பழமும் இரண்டு கோடுகளும்

பிளஸ் டூ பொருளாதாரத்தில் 'படம் வரைந்து விளக்குக' என்றாலே பிள்ளைகளுக்குக் கை உதறும். பெரியபாளையத்தில் என்னிடம் டியூஷனுக்கு வந்த பெண், தேவைக் கோட்டைக் கோலம் மாதிரி மனப்பாடம் செய்வாள். மறுநாள் மறந்துவிடும். "காலேஜெல்லாம் வேணாம் சார், கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போயிடறேன்" என்று ஆரம்பித்துவிட்டாள்.

அவள் அம்மா பவானி அம்மன் கோயில் பக்கம் எலுமிச்சம்பழம் விற்பவர். ஒருநாள் கேட்டாள்: "விலை ஏறினா தேவை குறையும்னு புக்ல இருக்கு. ஆடி ஞாயித்துக்கிழமை விலையும் ஏறுது, வியாபாரமும் ஏறுதே சார்?"

அடடா, இதல்லவா கேள்வி!

"கூட்டம் வந்தா தேவைக் கோடே வலது பக்கம் நகர்ந்துடும்மா. அளிப்புக் கோட்டை இன்னும் மேலே போய் வெட்டும். அதான் ஆடி விலை."

பென்சிலை எடுத்தாள். படுக்கை அச்சில் அளவு, நிமிர்ந்த அச்சில் விலை. (1838-ல் கூர்னோ விலையைப் படுக்கையில்தான் போட்டார். 1890-ல் வந்த மார்ஷல் புத்தகம் நிமிர்த்தியது; அதுவே நிலைத்துவிட்டது.) அச்சுக்குப் பெயர் எழுதாவிட்டால் மார்க் போச்சு என்று மட்டும் பயமுறுத்தி வைத்தேன்.

பரீட்சை முடிந்து நேராக வந்தாள். "பொருள்னு போடாம எலுமிச்சம்பழம்னே எழுதிட்டேன். பரவாயில்லையா சார்?"