குடும்பக் குழுவில் ஒரு ஊசிக் காலம்

17 ஏப்ரல் 2021, சனி

நடிகர் விவேக் போய்விட்டார். விடிந்ததிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் படமும் கும்பிடும் கைகளும்தான். மதியத்துக்குள் இரங்கல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. "முந்தாநாள்தானே ஓமந்தூரார் ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கிட்டாரு?" என்று சித்தப்பா குரல் பதிவு போட்டார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ஜனங்கள் பயப்படாமல் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும் என்று கேமரா முன்னால் கை நீட்டிய மனுஷன், மறுநாளே மாரடைப்பில் விழுந்தால் யாருக்குத்தான் கிலி பிடிக்காது? இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் ஒன்று முழுசாக அடைத்திருந்ததாக டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதம் ஊசி போடுவதே 45 வயதைத் தாண்டியவர்களுக்கு. மாரடைப்பு அதிகம் வருகிற வயதும் அதுதான். லட்சக்கணக்கில் போடும்போது, போடாவிட்டாலும் அந்த வாரம் நெஞ்சுவலி வந்திருக்கக்கூடிய சிலரும் வரிசையில் நிற்கத்தான் செய்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் எழவு வீட்டில் கணக்குப் பேச முடியாது.

18 ஏப்ரல், ஞாயிறு

தம்பி பேசிவிட்டான். நாலு வரைபடம், அடியில் "படிச்சுட்டுப் பேசுங்க" என்று ஒரு வரி. குழு கப்சிப்.

டியூட்டி முடிந்து வந்து சித்தப்பாவுக்குத் தனியாகப் போன் போட்டேன். ஊசிப் பேச்சை எடுக்காமல், "என்ன சித்தப்பா, பயந்துட்டீங்களா?" என்றேன்.

"பயம்னு இல்லம்மா. ஸ்டென்ட் வச்சதுல இருந்து ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறேன்ல, குத்துன எடத்துல ரத்தம் நிக்காமப் போயிட்டா?"

தம்பியின் வரைபடங்களில் இதற்குப் பதில் கிடையாது. மாத்திரை சாப்பிடுவதை ஊசி போடும் நர்ஸிடம் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். போட்டதும் தேய்க்காமல் ரெண்டு மூணு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. "உங்க ஹார்ட் டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றேன். "அதைத்தாம்மா யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல" என்றார்.

26 மே, புதன்

ஊரடங்கு. அத்தை ஒரு ஃபார்வர்டு போட்டிருந்தார்: ஊசி போட்டவர்கள் எல்லாரும் ரெண்டு வருஷத்தில் செத்துவிடுவார்கள் என்று நோபல் பரிசு வாங்கிய லுக் மொன்டாக்னியர் சொன்னாராம். தடுப்பூசியைக் குறை சொல்லி அவர் பேசியது உண்மை. ரெண்டு வருஷக் கெடு அவர் சொன்னதில்லை. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியும் அதைப் பொய் என்று அறிவித்துவிட்டது.

இதைத் தனியாகப் பேசித் தீர்க்க முடியாது. எல்லாரும் படித்த பொய்க்கு எல்லாரும் பார்க்கவே பதில் வேண்டும். ரெண்டே வரி எழுதினேன். அத்தை பெயரை இழுக்கவில்லை. பயத்துக்குத் தனியாக, புரளிக்குச் சபையில் என்று பிரித்து வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஃபார்வர்டு காணாமல் போனது. பிறகு அத்தையே தனியாகக் கேட்டார்: "மருமக பால் குடுக்கறா, அவளுக்குப் போடலாமாம்மா?" இதுதான் அவருடைய கேள்வி. போன வாரம்தான், பாலூட்டும் தாய்மார்கள் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு சொல்லியிருந்தது. அதை அனுப்பினேன்.

23 அக்டோபர், சனி

விவேக் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் சம்பந்தமில்லை என்று, பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழுவின் முடிவு வெளியாகிவிட்டது. எங்கள் குழுவில் அதை யாரும் பகிரவில்லை. ஆறு மாதம் கழித்து வரும் பதிலுக்காகப் பயம் காத்திருக்காது.

இன்னொரு சேதி. மெகா தடுப்பூசி முகாம் இந்த வாரம் ஞாயிறிலிருந்து சனிக்கு மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடுகிறவர்களும் குடிக்கிறவர்களும் ஊசிக்குத் தயங்குகிறார்கள் என்று அமைச்சர் மா. சுப்பிரமணியன் காரணம் சொன்னார். தம்பி விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகளைப் போட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கறிக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று வகுப்பெடுக்காமல் கிழமையையே மாற்றியிருக்கிறார்கள். அதற்கு, ஏன் வரவில்லை என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். கிடைத்த பதிலை மதித்திருக்கவும் வேண்டும்.

தம்பிக்குத் தனியாக எழுதினேன்: "நம்ம சொந்தத்துல இன்னும் போடாதவங்களுக்கு நீயே போன் பண்ணுடா. போடச் சொல்லாத. ஏன் போடலன்னு கேட்டு, அவங்க சொல்றத முழுசாக் கேட்டுட்டு வா."